ஹசார்ட் பெர்செப்ஷனில் 38: பதினொரு வருடம் வண்டி ஓட்டியவர் எங்கே மார்க்கை விடுகிறார்?

முதலில் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் கோயம்புத்தூரில் பதினொரு வருடம் கார் ஓட்டியவர். வண்டியில் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை. லண்டன் வந்து டிரைவிங் லைசென்ஸுக்கான தியரி டெஸ்ட்டை இரண்டு முறை எழுதியிருக்கிறார். கேள்வி பதில் பகுதியில் 50க்கு 48, பிறகு 47. ரோட்டு வீடியோவைப் பார்த்து, ஆபத்து உருவாகும்போது மவுஸைத் தட்ட வேண்டிய ஹசார்ட் பெர்செப்ஷன் பகுதியில் முதல் முறை 38, அடுத்த முறை 40. இரண்டாம் முறை ஒரு வீடியோ முடிந்ததும், சரியான முறையில் கிளிக் செய்யவில்லை, இதற்கு மார்க் கிடையாது என்ற அறிவிப்பும் திரையில் வந்திருக்கிறது. "ஆபத்து எல்லாமே என் கண்ணில் படுகிறது. அப்புறம் எப்படி ஃபெயில்? இனி எப்படித் தயாராவது?" என்பது அவர் கேள்வி.

கண்ணில் படுகிறது என்று நீங்கள் சொல்வதை நான் முழுமையாக நம்புகிறேன். கிழக்கு லண்டனில் டிரைவிங் சொல்லிக்கொடுப்பதுதான் என் வேலை. என்னிடம் வருபவர்களில் பாதிப் பேர் உங்களைப் போல ஊரில் வருடக்கணக்கில் ஓட்டியவர்கள். நானும் மதுரையில் ஏழு வருடம் ஓட்டிவிட்டு வந்தவள். 2009இல் முதல் முறை எழுதியபோது 41 வாங்கி, மூன்று மார்க்கில் விட்டேன். அன்று எனக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டியது ஒரே ஒரு விஷயம்: ஆக்ஸிலரேட்டரில் இருக்கும் உங்கள் கால் எந்த நொடியில் எழும்பும் என்பதைத்தான் இந்தத் தேர்வு அளக்கிறது. மவுஸ் கிளிக் அந்தக் காலுக்குப் பதிலாக இருக்கிறது, அவ்வளவுதான். இதைப் பிடித்துக்கொண்டால் மீதியெல்லாம் பழக்கத்தில் வந்துவிடும்.

கணக்கைப் பார்த்துவிடுவோம். மொத்தம் 14 வீடியோ, ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு நிமிடம். 13 வீடியோக்களில் தலா ஒரு ஆபத்து, ஒன்றில் மட்டும் இரண்டு. எது அந்த ஒன்று என்று சொல்ல மாட்டார்கள். ஆக 15 ஆபத்துகள், ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் 5, மொத்தம் 75. காருக்கும் பைக்குக்கும் 44 வாங்கினால் பாஸ். லாரி, பஸ் ஓட்டப் போகிறவர்களுக்கு வீடியோ அதிகம், 100க்கு 67 வேண்டும். எங்களைப் போன்ற பயிற்றுநர்களுக்கு அதே 75இல் 57. உங்களுக்குத் தேவை 44தான். 15ஆல் வகுத்துப் பாருங்கள், ஒரு ஆபத்துக்கு 3 மார்க்கூட முழுதாக வேண்டியதில்லை. எல்லாவற்றிலும் 3 வாங்கினாலே 45 வந்துவிடும். அதனால் ஒன்றிரண்டைத் தவறவிட்டால் பதற வேண்டாம். ஆனால் ஒரு வீடியோ மொத்தமாக ரத்தாவது வேறு கதை. அங்கே ஐந்து மார்க் போகிறது. இரட்டை ஆபத்து உள்ள வீடியோவாக அது இருந்தால் பத்து. உங்களுக்கு 40 வந்தது. குறைந்தது நான்கே மார்க். அந்த ஒரு அறிவிப்பு மட்டும் வராமல் இருந்திருந்தால் நீங்கள் அன்றே பாஸ் ஆகியிருக்கலாம்.

அந்த அறிவிப்பு ஏன் வந்தது என்பது எனக்கு ஓரளவு புரிகிறது. "இரண்டு நொடிக்கு ஒரு முறை தட்டிக்கொண்டே இரு, எங்காவது மாட்டும்" என்று யாரோ சொல்லியிருப்பார்கள். இந்த யோசனை நம் ஆட்களிடையே கைமாறிக்கொண்டே இருக்கிறது. கணினி இதைக் கண்டுபிடிக்கத்தான் வைக்கப்பட்டிருக்கிறது. இடைவிடாமல் தட்டினாலோ ஒரே தாளத்தில் தட்டினாலோ அந்த வீடியோவுக்குப் பூஜ்யம். அதே நேரம், தவறான இடத்தில் கிளிக் செய்ததற்காக மார்க் குறைக்க மாட்டார்கள். இந்த இரண்டையும் சேர்த்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு காரணத்தோடு தாராளமாகத் தட்டலாம். காரணமே இல்லாமல் தாளம் போடக் கூடாது.

இப்போது மார்க் எப்படி விழுகிறது என்பதற்கு வருகிறேன். இதுதான் உங்களைப் போன்ற அனுபவசாலிகளை வீழ்த்தும் இடம். ஒவ்வொரு ஆபத்துக்கும் ஒரு நேர இடைவெளி உண்டு. ஆபத்து உருவாகத் தொடங்கும் நொடியில் அது திறக்கும், கொஞ்ச நேரத்தில் மூடும். அந்த இடைவெளியை ஐந்து சம துண்டுகளாக வெட்டியிருப்பார்கள். முதல் துண்டில் கிளிக் விழுந்தால் 5, அடுத்ததில் 4, இப்படியே கடைசித் துண்டில் 1. மூடிய பிறகு தட்டினால் பூஜ்யம். திறப்பதற்கு முன்பே தட்டினாலும் அந்தக் கிளிக்குக்கு ஒன்றும் கிடையாது. இந்தக் கடைசி வாக்கியத்தை இன்னொரு முறை படியுங்கள். அனுபவம் உள்ளவர் ஆபத்தை வெகு முன்பாகவே மோப்பம் பிடிக்கிறார், தட்டுகிறார், "பார்த்தாயிற்று" என்று மனம் அடுத்ததற்குப் போய்விடுகிறது. இடைவெளி அதற்குப் பிறகுதான் திறக்கிறது.

உருவாகும் ஆபத்து என்றால் என்ன? உங்கள் வேகத்தையோ திசையையோ மாற்ற வைக்கும் ஒன்று. ஓரமாக நிற்கும் கார் சும்மா நிற்கும் வரை அது ஆபத்துக்கு வாய்ப்பு, அவ்வளவே. அதன் வலது இண்டிகேட்டர் மினுங்கி, சக்கரம் திரும்பி, நகரத் தொடங்கினால் நீங்கள் வேகத்தைக் குறைத்தாக வேண்டும். அந்த நொடியில் அது உருவாகும் ஆபத்து.

நான் வகுப்பில் காகிதத்தில் வரைந்து காட்டும் ஒரு காட்சியைச் சொல்கிறேன். நொடி நொடியாகப் பாருங்கள்.

முப்பது மைல் வேகத் தெரு. இரண்டு பக்கமும் வீடுகள், இடது ஓரம் முழுக்க நிறுத்திய கார்கள். முதல் பத்து நொடி ஒன்றும் இல்லை. வலது நடைபாதையில் ஒரு அம்மா தள்ளுவண்டியோடு போகிறார், உங்கள் பக்கம் திரும்பவில்லை. பன்னிரண்டாம் நொடியில் இடது பக்கம் கொஞ்சம் தள்ளி ஒரு வெள்ளை டெலிவரி வேன், நான்கு விளக்கும் மினுங்க நிற்கிறது. பக்கவாட்டுக் கதவு திறந்திருக்கிறது. பதினைந்தாம் நொடியில் ஒரு வீட்டு வாசலில் ஒரு ஆள் பார்சலைக் கொடுத்துவிட்டு நிற்பது தெரிகிறது. பதினெட்டாம் நொடியில் அவர் திரும்புகிறார், கையில் போன், பார்வை போனில். வேனின் மூக்குப் பக்கமாக நடக்கிறார். இருபதாம் நொடியில் வேன் அவரை மறைத்துவிடுகிறது, அடியில் அவர் காலணி மட்டும் தெரிகிறது. இருபத்திரண்டாம் நொடியில் ரோட்டில் இருக்கிறார்.

இந்த நாட்டில் ஸ்டியரிங் வலது பக்கம், வண்டி நிற்பது இடது ஓரம். அப்படியானால் டிரைவர் கதவு ரோட்டுப் பக்கம். நடைபாதையில் இருக்கும் டெலிவரி ஆள் மறுபடி வண்டி எடுக்க வேண்டும் என்றால் வேனைச் சுற்றி ரோட்டுக்குள் வந்தே ஆக வேண்டும். ஊரிலும் இதே அமைப்புதான், அதனால் இது உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் உங்களைப் போன்றவர்கள் இந்தக் காட்சியில் பன்னிரண்டாம் நொடியில் ஒரு முறை தட்டுகிறார்கள், வேனைப் பார்த்ததும். அடுத்து இருபத்திரண்டில் தட்டுகிறார்கள், ஆள் ரோட்டில் வந்ததும். இப்படியான காட்சியில் மார்க் இடைவெளி அவர் திரும்பி வேனைச் சுற்றப் புறப்படும் இடத்தையொட்டித்தான் திறக்கும். முதல் கிளிக் சீக்கிரம், பயனில்லை. இரண்டாவது தாமதம், ஒன்றோ இரண்டோ கிடைத்தால் அதிர்ஷ்டம். நடுவில், அந்த மனிதர் திரும்பிய நொடியில், உங்கள் விரல் சும்மா இருந்தது. ஆபத்தை நீங்கள் இரண்டு முறை பார்த்தீர்கள். உருவாகும் தருணத்தைத்தான் விட்டுவிட்டீர்கள்.

அதனால் நான் சொல்லிக்கொடுக்கும் முறை இது: சந்தேகத்துக்கு ஒன்று, அசைவுக்கு ஒன்று, உறுதியானதும் ஒன்று. வேன் கண்ணில் பட்டதும் ஒன்று. ஆள் திரும்பியதும் ஒன்று. காலணி தெரிந்ததும் ஒன்று. மூன்றுக்கும் மூன்று காரணம் இருக்கிறது, காட்சி மாறியதால்தான் விரல் அசைந்தது, கிளிக்குகளுக்கு நடுவே உள்ள நேரமும் சமமாக இருக்காது. இதைத் தாளம் என்று கணினி எடுத்துக்கொள்ளாது. மூன்றையும் ஒரே நொடியில் படபடவென்று அடிப்பதும் நல்லதல்ல, பயனும் இல்லை. மூன்றும் ஒரே துண்டில் விழுந்துவிடும். ஒவ்வொரு கிளிக்குக்கும் திரையின் கீழே ஒரு சிவப்புக் கொடி தோன்றும். கிளிக் பதிவானது என்பதற்கு மட்டும் அது அடையாளம், நீங்கள் தட்டியது சரி என்று அர்த்தமில்லை. கொடிகளை எண்ணிக்கொண்டிருந்தால் ரோட்டை விட்டுவிடுவீர்கள்.

சரி, தாமதம் ஏன் வருகிறது? இதில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு ஆய்வு உண்டு. மலேசிய ஓட்டுநர்களையும் பிரிட்டன் ஓட்டுநர்களையும் இரண்டு நாட்டு வீடியோக்களையும் பார்க்க வைத்து ஒப்பிட்ட ஆய்வு, 2013இல் வெளியானது. கண் எங்கே போகிறது என்பதையும் கருவி வைத்துப் பார்த்தார்கள். ஆபத்தின் மேல் கண் போய் விழும் வேகத்தில் இரண்டு கூட்டத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் பட்டனை அழுத்துவதில் மலேசிய ஓட்டுநர்கள் தாமதித்தார்கள். ஒன்றை ஆபத்து என்று ஒப்புக்கொள்ள அவர்களுக்கு இன்னும் கொஞ்சம் அதிக ஆபத்து தேவைப்பட்டது என்பதுதான் ஆய்வாளர்கள் தந்த விளக்கம். நெரிசலும் அசைவும் நிறைந்த ரோட்டில் பழகிய மனதுக்கு "இதெல்லாம் ஒரு விஷயமா" என்று தோன்றும் அளவுகோல் உயர்ந்துவிடுகிறது. இதைப் படித்தபோது நான் காந்திபுரத்தையும் மதுரை கீழவாசலையும் நினைத்துக்கொண்டேன். அங்கே ஒரு ஆள் ரோட்டில் கால் வைத்தால் நாம் ஹார்ன் அடிப்போம், அவர் நிற்பார் அல்லது ஓடுவார், நாமும் கொஞ்சம் வளைவோம். இருவரும் கண்ணாலேயே பேசி முடித்துக்கொள்வோம். அதில் ஒரு திறமை இருக்கிறது, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். பதினொரு வருடம் கீறல் இல்லாமல் ஓட்டியது சும்மா இல்லை.

இங்கே அந்தப் பேச்சு வேறு மொழியில் நடக்கிறது. ஜீப்ரா கிராசிங் ஓரத்தில், அந்த மஞ்சள் உருண்டை விளக்குக் கம்பத்துக்குக் கீழே ஒருவர் வந்து நின்றால் அவர் கடக்கப் போகிறார் என்று அர்த்தம். உங்களைப் பார்க்காமலேயேகூட இறங்கிவிடுவார், நீங்கள் நிற்பீர்கள் என்ற நம்பிக்கையில். 2022 ஜனவரியில் இந்த நாட்டுச் சாலை விதிப் புத்தகமான ஹைவே கோடில் வந்த மாற்றத்துக்குப் பிறகு, நீங்கள் ஒரு பக்கத் தெருவுக்குள் திரும்பும்போது அதைக் கடக்கக் காத்திருப்பவருக்கும் வழிவிட வேண்டும். ஊரில் இந்த இரண்டு ஆட்களும் "நின்றுகொண்டிருப்பவர்கள்". இங்கே இருவரும் உங்கள் காலை எழுப்ப வேண்டியவர்கள். ஹார்ன் சத்தமும் முன்னெச்சரிக்கை தராது. வீடியோவில் காதுக்கு வேலையே இல்லை, எல்லாம் கண்ணுக்குத்தான்.

கால் சீக்கிரம் எழும்புவதால் என்ன லாபம் என்று ஒரு மாணவர் என்னிடம் கேட்டார். 30 மைல் வேகத்தில் வண்டி நொடிக்கு 13 மீட்டருக்கு மேல் போகிறது. அந்த வேகத்தில் நிற்க ஆகும் தூரம் என்று ஹைவே கோட் சொல்வது 23 மீட்டர்: யோசிக்க 9, பிரேக் பிடிக்க 14. அரை நொடி முன்னால் கால் எழும்பினால் ஏழு மீட்டர் கையில் மிஞ்சுகிறது, ஒன்றரைக் காரின் நீளம். ரோம்ஃபோர்டு ரோட்டில் ஒரு மாலை, நிறுத்திய வேனுக்கு அடியில் ஒரு ஜோடி சின்ன ஷூ தெரிந்ததும் என் பக்கத்தில் இருந்த மாணவி காலை எடுத்தாள். பிரேக்கைத் தொடக்கூட இல்லை, காலை எடுத்ததோடு சரி. குழந்தை பந்தோடு வெளியே வந்தபோது எங்கள் வண்டி ஏற்கெனவே ஊர்ந்துகொண்டிருந்தது. குழந்தையின் அம்மா ஓடிவந்து அதன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார், எங்களைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. தேர்வில் அந்த ஷூவுக்குத்தான் 5 மார்க்.

இனித் தயாரிப்புக்கு வருகிறேன். வீடியோக்களை வாங்கிப் போட்டுத் திரும்பத் திரும்பத் தட்டுவதுதான் தயாரிப்பு என்று பெரும்பாலும் நினைக்கிறார்கள். இலவச வீடியோக்கள் கொஞ்சம்தான். மூன்றாம் முறை பார்க்கும்போது எந்த நொடியில் சைக்கிள்காரர் வருவார் என்று மனப்பாடம் ஆகிவிடும். அப்போது கிடைக்கும் 5 உங்கள் நினைவாற்றலுக்கான மார்க். அதனால் வீடியோவைக் கடைசிக் கட்டத்துக்கு வைத்துக்கொண்டு, முதலில் கண்ணையும் வாயையும் பழக்குங்கள்.

வாயா என்று கேட்பீர்கள். ஆமாம். ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசுவதுதான் எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த பயிற்சி. நியூசிலாந்தில் இளம் ஓட்டுநர்களுக்கு வீடியோவைப் பார்த்தபடி வர்ணனை சொல்லப் பழக்கி, அதனால் ஆபத்தைக் கண்டுகொள்வது மேம்பட்டதாக 2009இல் ஒரு ஆய்வு வந்திருக்கிறது. என் அனுபவமும் அதேதான். லண்டனில் இருக்கிறீர்கள், உங்களுக்கு ஒரு பெரிய வசதி உண்டு: மாடி பஸ். மேல் தளத்தில் முன் வரிசை சீட்டைப் பிடியுங்கள். ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட் மாதிரி நெரிசலான ரோட்டில் இருபது நிமிடம் போங்கள். மெல்லிய குரலில் தமிழிலேயே சொல்லிக்கொண்டு வாருங்கள். "இடது பக்கம் பஸ் ஸ்டாப், ஆள் நிறைய. ஒரு பையன் விளிம்பில் நிற்கிறான். முன்னால் சைக்கிள், அதற்கு முன்னால் நிறுத்திய கார், சைக்கிள் வெளியே வரும். பின்னால் பார்க்கிறார், வரப் போகிறார். கால் எடு." அந்த "கால் எடு" என்ற இரண்டு சொல்லை எப்போது சொல்கிறீர்கள் என்று கவனியுங்கள். அதுதான் உங்கள் கிளிக். ஆரம்பத்தில் சைக்கிள் வெளியே வந்த பிறகு சொல்வீர்கள். நான்கைந்து நாளில் அவர் தோள் திரும்பும்போதே சொல்வீர்கள்.

ஆங்கிலத்தில் சொல்லிப் பழக வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டவே வேண்டாம். எந்த மொழியில் உங்கள் மனம் வேகமாக ஓடுகிறதோ அந்த மொழியில் சொல்லுங்கள். வீடியோவில் படிக்க ஒன்றும் இல்லை.

கேள்வியில் நீங்கள் எழுதியபடி உங்கள் மனைவிக்கு இங்கே லைசென்ஸ் இருக்கிறது. அவர் ஓட்டும்போது பக்கத்து சீட்டில் இதையே செய்யுங்கள், ஆனால் சத்தமில்லாமல், தொடையில் விரலால் தட்டி. ஓட்டுகிறவரைக் குழப்ப வேண்டாம். அவர் கால் எப்போது எழும்புகிறது என்பது வண்டியின் ஓட்டத்திலேயே தெரியும், உடம்பு லேசாக முன்னே போகும். உங்கள் விரல் அதற்கு முன்னால் தட்டியதா, பின்னாலா? வீட்டுக்கு வந்ததும் பேசிக்கொள்ளலாம். என்னிடம் படித்த ஒரு அக்கா, யாழ்ப்பாணத்தில் இருபது வருடம் ஸ்கூட்டர் ஓட்டியவர், தன் மகனோடு இப்படிப் பழகினார். மூன்று முறை ஃபெயில் ஆனவர். "மகன் கால் எடுத்த பிறகுதான் எனக்குத் தோன்றுது தம்பிக்கு ஏதோ தெரிஞ்சிட்டுது எண்டு" என்று முதல் வாரம் சொன்னார். நான்காவது முறை 58 வாங்கினார்.

என்னென்ன தேட வேண்டும் என்று நீண்ட பட்டியல் தருவது எனக்குப் பிடிக்காது. பட்டியலை வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்ப்பவர் பட்டியலைத்தான் பார்ப்பார். ஆனால் ஊரிலிருந்து வந்தவர்கள் வழக்கமாகத் தவறவிடும் சிலவற்றைச் சொல்கிறேன். தூரத்தில், மூன்று கார் தள்ளி எரியும் பிரேக் லைட். நாம் உடனே முன்னால் இருக்கும் வண்டியைப் பார்த்து ஓட்டிப் பழகியவர்கள், அதற்கு அப்பால் போவதில்லை. பக்கத் தெருவிலிருந்து எட்டிப் பார்க்கும் காரின் மூக்கு. கோட்டில் நின்றுவிட்டால் பரவாயில்லை, கோட்டைத் தாண்டி ஊர்ந்தால் கிளிக். நிறுத்திய காருக்குள் தெரியும் தலை. ஆள் இருந்தால் கதவு திறக்கலாம், வண்டி நகரலாம். புறப்படக் காத்திருக்கும் பஸ்ஸின் வலது இண்டிகேட்டர். ஐஸ்கிரீம் வேன் நிற்கிறதென்றால் குழந்தை எந்தப் பக்கத்திலிருந்தும் வரும். பள்ளி முன்னால் வட்டப் பலகை பிடித்துக் குழந்தைகளைக் கடத்திவிடும் பெரியவர் நடைபாதையிலிருந்து இறங்கும் அந்த அடி. எதிரே லாரி வரும்போது உங்கள் பக்கம் நிறுத்திய வண்டிகளால் ரோடு குறுகுவது.

கிராமத்து ரோட்டுக்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள். லண்டனை விட்டு வெளியே போகாதவர்கள் இதில்தான் தடுமாறுகிறார்கள். இரண்டு பக்கமும் வேலிச்செடி உயர்ந்து நிற்கும், வளைவுக்கு அப்பால் தெரியாது, அனுமதித்த வேகமோ 60 மைல் வரை இருக்கும். வளைவு திரும்பினால் ஒரு டிராக்டர், அல்லது குதிரையில் இரண்டு பேர். குதிரையை நாம் ஊரில் ரோட்டில் பார்த்ததே அரிது, அதனால் அது தெரிந்ததும் வியந்து பார்த்துக்கொண்டே இருந்துவிடுகிறோம். தூரத்தில் வண்ணச் சட்டை அசைவது தெரிந்தாலே கிளிக். மோட்டார்வேயில் இடது பக்க இணைப்புச் சாலையிலிருந்து வேகமெடுத்து வரும் லாரியும், உங்கள் பாதைக்குள் நுழையும் காரும் இதே வகைதான்.

2015 ஜனவரியிலிருந்து கணினியில் உருவாக்கிய வீடியோக்கள் வருகின்றன. நான் எழுதிய காலத்தில் எல்லாம் உண்மையான ரோட்டில் படம் பிடித்தவை. பிறகு பனி, மழை, அந்தி வெளிச்சம் எல்லாவற்றையும் சேர்த்திருக்கிறார்கள். கணினிப் படத்தில் மனிதர்கள் கொஞ்சம் பொம்மை மாதிரி இருப்பார்கள். பழக்கமில்லாத கண்ணுக்கு அது விளையாட்டு போலத் தெரிந்து கவனம் தளரும். அதனால் கடைசி இரண்டு வாரத்தில், தேர்வை நடத்தும் அரசு அமைப்பான டிரைவர் அண்ட் வெகிள் ஸ்டாண்டர்ட்ஸ் ஏஜென்சியின் அதிகாரப்பூர்வப் பயிற்சி வீடியோக்களை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். ஒரு வீடியோவை முதல் முறை பார்க்கும்போது மட்டும்தான் கிளிக் செய்து மார்க் பாருங்கள், அதைக் குறித்து வையுங்கள். பிறகு அதே வீடியோவை இடைவெளி எங்கே திறந்தது என்று பார்ப்பதற்காக மட்டும் பாருங்கள். உங்கள் கிளிக் அதற்கு முன்னால் விழுந்ததா, பின்னாலா என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். பதினைந்து இருபது வீடியோவில் உங்கள் சுபாவம் தெரிந்துவிடும். பெரும்பாலும் முன்னால் என்றால், சந்தேகக் கிளிக்கோடு நிறுத்திவிடாமல் கண்ணை அங்கேயே வைத்து இரண்டாவதைப் போடப் பழக வேண்டும். பெரும்பாலும் பின்னால் என்றால், பஸ் மாடியில் இன்னும் ஒரு வாரம். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் உங்களுக்கு இரண்டும் கலந்து இருக்கிறது.

போனில் பழகாதீர்கள், முடிந்தால் மவுஸ் உள்ள கணினியில் பழகுங்கள். தேர்வு மையத்தில் மவுஸ்தான் இருக்கும். ஆள்காட்டி விரல் பட்டன் மேல் லேசாக இருக்கட்டும். சாய்ந்து உட்கார்ந்து முழுத் திரையையும் பாருங்கள், ரோடு மறையும் புள்ளியில் கண் இருக்கட்டும். அங்கிருந்து இரண்டு ஓரத்துக்கும் போய்ப் போய் வரட்டும்.

தேர்வு நாளில் கேள்வி பதில் பகுதிக்கு 57 நிமிடம். அது முடிந்ததும் வீடியோ பகுதிக்கு முன்னால் மூன்று நிமிடம் வரை இடைவேளை எடுக்கலாம், கட்டாயமில்லை. தயவுசெய்து எடுங்கள். நீங்கள் 48 வாங்குகிறவர், கேள்விகளைச் சீக்கிரம் முடித்திருப்பீர்கள், அதே வேகத்தில் வீடியோவுக்குள் போய்விடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். வரி படித்த கண் ரோடு பார்க்கும் கண்ணாக மாறக் கொஞ்ச நேரம் வேண்டும். கண்ணை மூடுங்கள், தோளைத் தளர்த்துங்கள், பஸ் மாடியை நினைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒரு வீடியோ முடிந்தால் முடிந்ததுதான், திரும்பிப் போக முடியாது. தவறவிட்டதாகத் தோன்றினால் அதை அங்கேயே விடுங்கள். ஒரு ஆபத்து வந்து முடிந்துவிட்டாலும் அந்த வீடியோ ஓடும் வரை கண்ணை எடுக்காதீர்கள், இரட்டை ஆபத்து வீடியோ அதுவாகவே இருக்கலாம்.

உங்கள் சித்தப்பா "தமிழிலேயே எழுதலாமே" என்று சொன்னதாகக் குறிப்பிட்டிருந்தீர்கள். அவர் சொன்னது பொய்யில்லை. ஒரு காலத்தில் தமிழ் உட்படப் பல மொழிகளில் கேள்விகளைக் குரலில் கேட்க முடிந்தது. 2014 ஏப்ரலில் அதை நிறுத்திவிட்டார்கள். இப்போது ஆங்கிலக் குரலும் வெல்ஷ் குரலும்தான். மொழிபெயர்ப்பாளரை அழைத்துப் போகவும் முடியாது. ஆங்கிலம் வாசிக்கச் சிரமப்படும் உறவினர் யாராவது எழுதப் போகிறார்கள் என்றால், ஆங்கிலக் குரலைப் பதிவு செய்யும்போதே கேட்டுவைக்கச் சொல்லுங்கள், அது உதவும். டிஸ்லெக்சியா போன்ற வாசிப்புச் சிரமம் உள்ளவர்கள் கூடுதல் நேரமும் கேட்கலாம்.

ஊர் லைசென்ஸைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். இந்திய லைசென்ஸையோ இலங்கை லைசென்ஸையோ இங்கே நேராக மாற்றித் தர மாட்டார்கள். குடியேறிய நாளிலிருந்து 12 மாதம் அதை வைத்து ஓட்டலாம், அதற்குள் ப்ரொவிஷனல் எனப்படும் பழகுநர் லைசென்ஸ் எடுத்துத் தியரி, பிராக்டிகல் இரண்டும் முடித்துவிடுவது நல்லது. தியரி பாஸ் ஆன சான்று இரண்டு வருடம்தான் செல்லும். இரண்டு பகுதியையும் ஒரே அமர்வில் பாஸ் செய்ய வேண்டும் என்பதால், கேள்வி பதிலில் வாங்கிய 48 அடுத்த முறைக்கு வராது. அதையும் கொஞ்சம் புரட்டிக்கொள்ளுங்கள், பஸ்ஸில் வீடு திரும்பும்போது அது போதும்.

மூன்று வேலை நாள் கழித்து மறுபடி எழுத அனுமதி உண்டு. அதற்காக அடுத்த வாரமே தேதி போடாதீர்கள். ஏற்கெனவே 23 பவுண்டு இரண்டு முறை போயிற்று. அரசின் இணையப் பக்கத்திலேயே பதிவு செய்யுங்கள், தேடினால் முதலில் வரும் வேறு சில பக்கங்கள் கூடுதலாகப் பணம் பிடிக்கும். இன்றிலிருந்து நான்கு வாரம் தள்ளி ஒரு தேதி எடுங்கள், காலை நேரமாக இருந்தால் நல்லது. முதல் இரண்டு வாரம் பஸ் மாடி, மூன்றாம் வாரத்திலிருந்து வீடியோவும் நோட்டும். நோட்டில் முன்னால், பின்னால் கணக்கு எப்படி வருகிறது என்று எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம். போகும் அன்று ப்ரொவிஷனல் கார்டைப் பையில் வைத்தாயிற்றா என்று வாசலில் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள்.